பெஞ்சு யார் வாங்கித் தருவது? நம் பக்கத்து உயர்நிலைப்பள்ளிகள் வந்த கதை



போன கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அரசு மேல்நிலைப்பள்ளிக்கு நம் சங்கத்தின் சார்பில் பத்து பெஞ்சு வாங்கித் தரலாமா என்று பேச்சு எடுத்தோம். பின்வரிசையிலிருந்து ஒரு நண்பர் எழுந்து, "நம்ம பிள்ளைங்க யாரும் அங்க படிக்கலையே சார், நாம எதுக்குச் செய்யணும்?" என்று கேட்டார். கேட்டதில் தப்பே இல்லை. காலை ஏழரை மணிக்குத் தெரு முனையில் நின்று பார்த்தால் தெரியும். மஞ்சள் வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பாகலூர் ரோட்டில் ஓசூர் பக்கம் போகின்றன. சிறிது நேரம் கழித்து, சுற்றுக் கிராமத்துப் பிள்ளைகள் சைக்கிளிலும் நடந்தும் பேரிகைக்குள் வருகிறார்கள். நம்முடையது போகிறது, அவர்களுடையது வருகிறது.

அன்று நண்பருக்கு யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை. நானும்தான். டீ வந்தது, பேச்சு குப்பை வண்டி பக்கம் போய்விட்டது. வீட்டுக்கு வந்த பிறகுதான் பதில் ஒவ்வொன்றாகத் தோன்றியது. அதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதியிருக்கிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒரு பழைய கதை. இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதிகள் அடங்கிய பாராமகால் 1792ல் திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு வந்தது. பாகலூர், பேரிகை, சூளகிரி பாளையங்கள் இருந்த நம் மேட்டு நிலத்துக்கு பாலாகாட் என்று பெயர். இது 1799ல், திப்பு இறந்த பிறகு சேர்ந்தது. பாராமகாலில் நிலம் அளந்து வரி போட வந்த அதிகாரி அலெக்சாண்டர் ரீடு. அவருக்கு உதவியாக இருந்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. தருமபுரியில் ஏழு ஆண்டு குதிரையில் சுற்றி, ரயத்துகளோடு பேசிப் பழகிய மனிதர். பிற்காலத்தில் சென்னை மாகாணத்துக்கே கவர்னர் ஆனார்.

கவர்னர் ஆனதும் மன்றோ கேட்ட கேள்விகளில் ஒன்று, இங்கே எத்தனை பள்ளிக்கூடம் இருக்கிறது என்பது. 1822ல் எல்லா கலெக்டர்களுக்கும் உத்தரவு போட்டுக் கணக்கு எடுக்கச் சொன்னார். வந்த கணக்கு: மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். எல்லாம் திண்ணைப் பள்ளிகள், கோயில் மண்டபம், மசூதி, வாத்தியார் வீட்டு நடை. இன்று சிலர் இந்தக் கணக்கைக் காட்டி அந்தக் காலத்தில் எல்லோரும் படித்தார்கள் என்கிறார்கள். அதே கணக்கில் பெண் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் அந்தப் பெருமை அடங்கிவிடும்.

கணக்கு பார்த்த மன்றோ 1826ல் ஒரு திட்டம் போட்டார். ஒவ்வொரு கலெக்டர் எல்லைக்கும் இரண்டு பெரிய பள்ளி, ஒவ்வொரு தாசில்தார் எல்லைக்கும் ஒரு சிறிய பள்ளி. தாலுகா வாத்தியாருக்கு மாதச் சம்பளம் 9 ரூபாய். சர்க்கார் பணத்தில் தாலுகாவுக்கு ஒரு பள்ளி என்ற எண்ணமே நம் மாகாணத்தில் இங்கேதான் தொடங்குகிறது. அடுத்த ஆண்டே மன்றோ காலராவில் இறந்துபோனார். திட்டம் ஏனோதானோ என்று நடந்து, அடுத்த பத்தாண்டுக்குள் கைவிடப்பட்டது. 9 ரூபாய்க்கு நல்ல வாத்தியார் கிடைக்கவில்லை என்பது ஒரு காரணம். மேலே இருந்தவர்களுக்கு ஆங்கிலப் பள்ளிதான் முக்கியம் என்று மனம் மாறியது இன்னொரு காரணம்.

அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு சட்டங்களும் இலாகாக்களும் வந்தன. அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். நமக்கு வேண்டியது ஒன்றுதான். 1884ல் வந்த சட்டத்தால் ஜில்லா போர்டும் தாலுகா போர்டும் அமைந்தன. ரோடு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் மூன்றும் அவற்றின் பொறுப்புக்குப் போயின. நம் வீட்டுப் பெரியவர்கள் "போர்டு ஸ்கூல்" என்று சொல்வது அந்தப் பெயர்தான். நம் போர்டு ஆபீஸ் எங்கே இருந்தது? சேலத்தில். பேரிகை எங்கே, சேலம் எங்கே! ஒரு ஓடு மாற்ற வேண்டும் என்றாலும் மனு அத்தனை தூரம் போய் வர வேண்டும். 1965ல் தருமபுரி தனி மாவட்டம் ஆனதும் அந்தத் தூரம் பாதியானது. 2004ல் கிருஷ்ணகிரி மாவட்டம் பிறந்ததும் இன்னும் குறைந்தது. மாவட்டம் பிரிப்பதை அரசியல் என்று சிலர் சிரிப்பார்கள். பள்ளிக்கூடத்துக்குக் கூடுதல் வகுப்பறை கேட்டு அலைந்தவர்களைக் கேளுங்கள், வேறு மாதிரி சொல்வார்கள்.

அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு உயர்நிலைப் படிப்பு என்றால் என்ன அர்த்தம்? இதற்கு நமக்கு நன்றாகத் தெரிந்த ஓர் உதாரணம் ராஜாஜி. 1878 டிசம்பர் 10 அன்று ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளியில் பிறந்தார். அப்பா அந்த ஊர் முன்சீப். பையனுக்கு ஐந்து வயதாகும்போது குடும்பம் ஓசூருக்குக் குடிபெயர்ந்தது. இன்று ஆர்.வி. அரசு ஆண்கள் மேல்நிலைப்பள்ளி என்று நாம் அறிந்த பள்ளியில் படித்தார் என்பது ஓசூர்க்காரர்கள் பெருமையாகச் சொல்லும் செய்தி. பிறகு பெங்களூரு சென்ட்ரல் கல்லூரி, 1894ல் பட்டம், அதற்குமேல் சென்னையில் சட்டம்.

இதில் நான் கவனிக்கச் சொல்வது, குடும்பமே வீட்டைக் காலி செய்துகொண்டு ஓசூருக்கு வந்ததைத்தான். முன்சீப் வீடு, வசதி இருந்தது, வந்தார்கள். அதே தொரப்பள்ளியில் மாடு மேய்த்த பையனின் அப்பா எப்படி வருவார்? பேரிகைக்கும் அதே கதைதான். ஓசூர் இங்கிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர், பஸ் இல்லாத காலம். படிக்க வேண்டுமென்றால் ஓசூரில் ஒரு சொந்தக்காரர் வீடு வேண்டும், அந்த வீட்டுக்காரம்மாவுக்கு நல்ல மனசு வேண்டும், ஊரிலிருந்து மாதாமாதம் ராகி மூட்டை அனுப்ப நிலம் வேண்டும். இந்த மூன்றும் இருந்தவர்தான் ஹைஸ்கூல் படித்தார்.

எல்லைக்கு அந்தப் பக்கமும் இதே நிலைதான். நம்மூரிலிருந்து வடக்கே எல்லையைத் தாண்டினால் மாலூர் வட்டத்தில் மாஸ்தி என்ற ஊர் வரும். பேரிகைக்காரர்கள் பலர் அங்கே பெண் கொடுத்து எடுத்திருப்பீர்கள். அந்த ஊர்ப் பெயரைத் தன் பெயராக்கிக்கொண்டவர் மாஸ்தி வெங்கடேச ஐயங்கார். 1891ல் கோலார் மாவட்டத்தில் பிறந்தவர். வீட்டில் பேசியது தமிழ், பள்ளியில் கற்றது கன்னடம், சென்னை மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. படித்தது ஆங்கிலம். கன்னடச் சிறுகதைக்குத் தந்தை என்று அவரைச் சொல்கிறார்கள். 1983ல் 'சிக்கவீர ராஜேந்திர' நாவலுக்காக ஞானபீட விருது பெற்றார். தமிழ் வீட்டுப் பையன் கன்னட எழுத்தாளர் ஆனார். காரணம் அவர் போன பள்ளிக்கூடம். நம் எல்லைப் பக்கத்தில் ஒரு பிள்ளை எந்த மொழிக்காரன் என்பதை வீடு பாதி சொல்லும், மீதியைப் பள்ளிக்கூடம்தான் சொல்லும். இந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

அன்றைய படிப்பின் படிக்கட்டு எப்படி இருந்தது என்று இளையவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஊர்ப்பள்ளி ஐந்தாம் வகுப்பு வரை. கொஞ்சம் பெரிய ஊரில் எட்டாம் வகுப்பு வரை. அதன் முடிவில் இ.எஸ்.எல்.சி. என்ற பரீட்சை. அதில் தேறினால் வாத்தியார் வேலைக்குப் பயிற்சி எடுக்கலாம், தபால்காரர் ஆகலாம். ஹைஸ்கூலில் வகுப்புக்கு ஃபாரம் என்று பெயர். ஆறாம் வகுப்பு ஃபர்ஸ்ட் ஃபாரம், பதினோராம் வகுப்பு சிக்ஸ்த் ஃபாரம். அதன் கடைசியில் எஸ்.எஸ்.எல்.சி. உங்கள் தாத்தா "நான் தேர்டு ஃபாரம் வரைக்கும்" என்று சொல்லியிருந்தால், அவர் எட்டாம் வகுப்போடு நின்றார் என்று அர்த்தம். நிறையத் தாத்தாக்கள் அங்கேதான் நின்றார்கள். புத்தி குறைவால் அல்ல. அதற்குமேல் வகுப்பு அந்த ஊரில் இல்லை, அவ்வளவுதான்.

1937ல் ராஜாஜி மாகாணத்தின் பிரதமரானார் (அன்று முதல்வருக்கு அந்தப் பெயர்). ஹைஸ்கூல் பாடங்களைத் தாய்மொழியில் நடத்துவதற்கு அப்போது ஊக்கம் தரப்பட்டது. அதே ஆட்சி 1938ல் 125 உயர்நிலைப்பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியதும், அதற்கு எழுந்த போராட்டமும், 1940ல் உத்தரவு வாபஸ் ஆனதும் எல்லோருக்கும் தெரிந்ததே. மீண்டும் 1952ல் முதல்வராக வந்த ராஜாஜி, 1953ல் கிராமத் தொடக்கப்பள்ளிகளில் பாடவேளையை மூன்று மணி நேரமாகக் குறைத்தார். மீதி நேரத்தில் பிள்ளை அப்பா தொழிலைக் கற்கட்டும் என்றார். எதிர்த்தவர்கள் அதைக் குலக்கல்வித் திட்டம் என்றார்கள். இருக்கிற வாத்தியாரையும் கட்டடத்தையும் வைத்து இரண்டு ஷிப்டில் இரண்டு மடங்கு பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம் என்பது அவருடைய கணக்கு. கணக்கு சரியாக இருக்கலாம். ஆனால் படிப்புக்காகக் குடும்பத்தோடு ஊர் மாறிய வீட்டுப் பிள்ளை, மற்றப் பிள்ளைகளை மதியம் அப்பாவின் பட்டறைக்கு அனுப்பப் பார்த்தாரே என்று எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. நம்மூர்க்காரர் என்ற பாசம் வேறு, இது வேறு.

1954 ஏப்ரலில் காமராஜர் வந்தார். அந்தத் திட்டம் அந்த ஆண்டே கைவிடப்பட்டது. கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியம், கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு. 1956ல் மதிய உணவு, பிறகு சீருடை, பிறகு பள்ளி இறுதி வரை இலவசக் கல்வி. இதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. பாடப்புத்தகத்தில் அதிகம் பேசாத ஒன்றுதான் நம் நண்பரின் கேள்விக்கு நேரான பதில். அதன் பெயர் பள்ளிச் சீரமைப்பு மாநாடு.

சர்க்காரிடம் வாத்தியார் சம்பளத்துக்குப் பணம் இருந்தது. கட்டடம், பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம், தண்ணீர்ப் பானைக்கு இல்லை. சுந்தரவடிவேலு ஒரு வழி கண்டுபிடித்தார். ஒவ்வொரு பள்ளிக்கும் என்னென்ன குறை என்று பட்டியல் போடுவது. அந்தப் பட்டியலை ஊரார் முன்னால் வைத்துப் படிப்பது. யார் எதைத் தருகிறீர்கள் என்று கேட்பது. 1958ல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டம் கடம்பத்தூரில் முதல் மாநாடு நடந்தது. பிறகு மாநிலம் முழுவதும் ஊர் ஊராக நடந்தன. முதல்வரே பல மாநாடுகளுக்குப் போனார். ஒருவர் நிலம் தந்தார், ஒருவர் செங்கல், ஒருவர் பத்து நாற்காலி, ஒருவர் பள்ளி மணி. இரண்டு ரூபாய் தந்தவரின் பெயரையும் மேடையில் படித்தார்கள். தந்தவர்களில் எத்தனையோ பேருக்குப் பள்ளி வயதில் பிள்ளையே இல்லை. பலர் தாங்களே எழுத்து அறியாதவர்கள். அவர்களிடம் யாராவது போய், உன் பிள்ளை அங்கே படிக்கவில்லையே, நீ எதற்கு மணி வாங்கித் தருகிறாய் என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நான் யோசித்துப் பார்ப்பதுண்டு.

ஊரார் கை வைக்காமல் அரசுப் பள்ளி வளரவே இல்லை. நடுநிலைப்பள்ளியை உயர்நிலையாகவோ, உயர்நிலையை மேல்நிலையாகவோ தரம் உயர்த்த வேண்டுமென்றால் ஊரின் பங்கு என்று ஒரு தொகை கட்டும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. நிலமும் ஊர்தான் காட்ட வேண்டும். ராகி அறுவடை முடிந்த கையோடு வீடு வீடாக வசூல் செய்து, லட்ச ரூபாய் சேர்த்துக் கட்டிய ஊர்கள் நம் மாவட்டத்தில் உண்டு. சுவரில் கல்வெட்டு இல்லாவிட்டாலும், நீங்கள் பார்க்கிற ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் கீழே இப்படி ஒரு வசூல் நோட்டுப் புத்தகம் இருக்கும்.

இனி மொழி விஷயம். இதைச் சொல்லாமல் நம் பக்கத்துப் பள்ளி வரலாறு எழுத முடியாது.

1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தன. கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்த கொள்ளேகால் மைசூர் மாநிலத்துக்குப் போனது. ஓசூர் தாலுகா இங்கேயே நின்றது. தெலுங்கு பேசுகிறவர்கள், கன்னடம் பேசுகிறவர்கள், தமிழ் பேசுகிறவர்கள், உருது பேசுகிறவர்கள் என்று நான்கு கூட்டமும் ஒரே சந்தையில் காய்கறி விற்கிற தாலுகா இது. என் வீட்டில் தெலுங்கு. பக்கத்து வீட்டில் கன்னடம். இரண்டு வீட்டுக்கும் சண்டை வந்தால் மட்டும் தமிழ், அது இருவருக்கும் பொது என்பதால்.

பள்ளிகளும் அப்படியே அமைந்தன. ஓசூர், சூளகிரி, தளி, கெலமங்கலம், வேப்பனப்பள்ளி பக்கங்களில் தெலுங்கு மீடியம், கன்னட மீடியம், உருது மீடியம் என்று அரசுப் பள்ளிகளே பலவகை. சில இடத்தில் ஒரே வளாகத்தில் இரண்டு மீடியம். 1968 ஜனவரியில் அண்ணா ஆட்சி இருமொழிக் கொள்கையைக் கொண்டுவந்தது. அதன்படி மற்ற மாவட்டத்துப் பிள்ளைக்குத் தமிழும் ஆங்கிலமும். நம் பக்கத்துச் சிறுபான்மை மொழிப் பிள்ளைக்கோ தாய்மொழியும் ஆங்கிலமும். ஆகவே தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில், தமிழ்நாட்டு அரசின் புத்தகத்தைப் படித்து, தமிழில் ஒரு வரியும் எழுதாமலே பத்தாம் வகுப்புத் தேற முடிந்தது. கேட்க விநோதமாக இருக்கும், ஆனால் அதுதான் நடந்தது. அப்படிப் படித்தவர்கள் பெங்களூரு, மாலூர், குப்பம் என்று போய்ப் பிழைத்துக்கொண்டார்கள். இங்கேயே தங்கியவர்களுக்கு தாலுகா ஆபீஸ் மனு எழுதக்கூட ஆள் தேட வேண்டியிருந்தது. அரசு வேலைப் பரீட்சை எட்டாத உயரத்தில் இருந்தது.

2006ல் தமிழ் கற்பித்தல் சட்டம் வந்தது. 2006-07ல் ஒன்றாம் வகுப்பில் தமிழ் கட்டாயம், அடுத்த ஆண்டு இரண்டாம் வகுப்பு, இப்படியே ஏறி 2015-16ல் பத்தாம் வகுப்பை எட்டியது. அந்த ஆண்டு நம் பக்கத்தில் பெரிய பதற்றம். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, அந்த மீடியத்தில் படித்த பிள்ளை பொதுத்தேர்வில் தமிழ்த்தாள் எழுத வேண்டும். பல பள்ளிகளில் அதுவரை தமிழ் ஆசிரியர் பணியிடமே சரியாக நிரப்பப்படவில்லை. வழக்குப் போய், நீதிமன்றம் சிறுபான்மை மொழி மாணவர்களுக்கு விலக்கு கொடுத்தது. பிறகும் அது ஆண்டுக்கு ஆண்டு இழுபறியாகவே நடந்தது.

என் கருத்தைக் கேட்டால், தமிழ் கட்டாயம் வேண்டும். தமிழ்நாட்டில் வாழப்போகிற பிள்ளைக்கு அது சோறு. ஆனால் ஆசிரியரைப் போடாமல் பரீட்சையை மட்டும் போடுவது நியாயமில்லை. அம்மா பேசும் மொழியை வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் நம் பக்கத்தில் பெருகிவிட்டார்கள் என்பதும் உண்மை. என் பேரனுக்குத் தெலுங்கு பேச வரும், பஸ் போர்டில் தெலுங்கு இருந்தால் விழிப்பான். இந்த இரண்டு இழப்பையும் ஒரே வகுப்பறையில் வைத்துச் சமாளிப்பவர்கள் நம் அரசுப் பள்ளி ஆசிரியர்கள். போதாததற்குத் தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வந்த வடமாநிலத்தவரின் பிள்ளைகளும் இப்போது அதே வகுப்பில் உட்காருகிறார்கள். மஞ்சள் வேன் போகிற பள்ளிகளுக்கு இந்தத் தலைவலி கிடையாது. கட்டணம் கட்ட முடிந்தவர் மட்டும் அங்கே வருகிறார். அரசுப் பள்ளியின் கேட்டுக்கு அப்படி ஒரு வடிகட்டி இல்லை.

அடுத்தது நம்மில் பலருடைய சொந்தக் கதை. 1978ல் தமிழ்நாட்டில் பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி.யும் கல்லூரியின் பி.யு.சி.யும் போய், பிளஸ் டூ வந்தது. முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு 1980 மார்ச்சில். அதுவரை பள்ளி முடித்த பிள்ளை பி.யு.சி. படிக்க அறுபதுகளில் தொடங்கிய கிருஷ்ணகிரி, தருமபுரி அரசுக் கல்லூரிகளுக்கோ பெங்களூருக்கோ போக வேண்டும். அந்தப் படிப்பு இப்போது பக்கத்து ஊர்ப் பள்ளிக்கே வந்துவிட்டது. குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு இது பெரிய மாற்றம். ஹாஸ்டலுக்கு அனுப்ப மாட்டேன் என்ற அப்பா, பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு அனுப்பினார். பிறகு இலவச பஸ் பாஸ், இலவச சைக்கிள் எல்லாம் சேர்ந்தன. பதினோராம் வகுப்பு வாசலில் வரிசையாக நிற்கும் சைக்கிள்களைப் பார்க்கும்போதெல்லாம், தொரப்பள்ளியிலிருந்து வீடு மாற முடியாமல் போன அந்த மாடு மேய்த்த பையன்தான் எனக்கு நினைவுக்கு வருவான்.

பிளஸ் டூ வந்த அதே நேரத்தில் ஓசூரில் கம்பெனிகள் வந்தன. எழுபதுகளில் சிப்காட் நிலம் எடுத்தது. 1980ல் டி.வி.எஸ். மொபெட் ஓசூரிலிருந்து வெளியே வந்தது, அசோக் லேலண்டும் அந்தச் சமயத்தில்தான் இங்கே ஆலை தொடங்கியது. டாட்டாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984ல் டைட்டன் கம்பெனியைத் தொடங்கின. கைக்கடிகாரம் செய்த அனுபவம் உள்ளவர்களை வெளியூரிலிருந்து கொண்டுவராமல், சுற்றுவட்டாரத்தில் பள்ளிப்படிப்பை முடித்த பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து உட்கார வைத்தார்கள். ஆண், பெண் இரண்டு பேரும். கிராமத்துப் பள்ளியில் தமிழ் மீடியம் படித்த பிள்ளை பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு கைக்கடிகாரப் பாகங்களைக் கோர்த்தது. பக்கத்தில் பள்ளி இல்லாமல் இருந்திருந்தால் அந்த மேஜைகளில் யார் உட்கார்ந்திருப்பார்கள்?

நானும் ஓசூரில் ஒரு கம்பெனியில் முப்பது வருஷம் ஷிப்ட் பார்த்து ஓய்வு பெற்றவன்தான். நம் நகரில் வீடு கட்டியிருக்கிற குடும்பங்களில் பாதி அப்படித்தான் இங்கே வந்தவை. பி.எஃப். பணத்தில் மனை வாங்கினோம், வேன் வைத்துப் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு அனுப்பினோம். அதற்கு யாரையும் குறை சொல்லவில்லை, நானும் அனுப்பியவனே. ஆனால் நண்பர் சொன்ன "நம்ம பிள்ளைங்க யாரும் அங்க படிக்கலையே" என்பது பிள்ளைகள் விஷயத்தில்தான் உண்மை. நாம் படித்தோமே.

கடைசியாக நடைமுறை விஷயம் இரண்டு.

ஒன்று, ஆகஸ்ட் 1. ஒவ்வோர் ஆண்டும் அன்றைய தேதியில் பள்ளியில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்ற கணக்கை வைத்துத்தான் அந்தப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று முடிவு செய்கிறார்கள். எண்ணிக்கை குறைந்தால் பணியிடம் உபரி என்று கணக்காகி, ஆசிரியர் வேறு ஊருக்குப் போவார். ஆசிரியர் போனால் பிள்ளைகள் இன்னும் குறைவார்கள். எட்டாம் வகுப்பு வரை வேனில் போன பிள்ளையை ஒன்பதாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்கு மாற்றலாமா என்று யோசிக்கிற பெற்றோர் நம் தெருவிலேயே சிலர் உண்டு. அவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020ல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடும், கல்லூரி போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் 2022ன் புதுமைப் பெண் திட்டமும், அதன் பிறகு பையன்களுக்கு வந்த தமிழ்ப் புதல்வன் திட்டமும் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படித்ததைக் கணக்கில் எடுப்பவை. ஒன்பதில் மாற்றினால் படிப்பு கிடைக்கும், இந்த உரிமை கிடைக்காது. மாற்றுவதாக இருந்தால் ஐந்து முடித்ததும் மாற்றுங்கள்.

இரண்டு, பள்ளி மேலாண்மைக் குழு. பெற்றோர்கள்தான் அதில் பெரும்பான்மை. முன்னாள் மாணவர்களுக்கும் இடம் இருக்கிறது. கழிப்பறைக் கதவு முதல் காலி ஆசிரியர் பணியிடம் வரை தீர்மானம் போட்டு மேலே அனுப்பலாம். அரசுப் பள்ளியில் படித்த நம் உறுப்பினர்கள் இதில் சேர முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பகலில் வயலுக்கும் தோட்டத்துக்கும் கூலி வேலைக்குப் போகிற அம்மாக்களால் மனு எழுதிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக அலைய முடியாது. ஓய்வு பெற்று வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிற நம்மால் முடியும்.

பெஞ்சு விஷயத்துக்கு வருகிறேன். இரும்பு ஃபிரேம் போட்ட பெஞ்சுக்கு ஓசூரில் ஒரு கடையிலும், பாகலூர் ரோட்டு வெல்டிங் பட்டறை ஒன்றிலும் விலை கேட்டு வைத்திருக்கிறேன். பட்டறைக்காரர், அவரும் நம் பள்ளியில் படித்தவர், கூலியில் பாதி தள்ளித் தருகிறேன் என்றார். இரண்டு கொட்டேஷனையும் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வருகிறேன். பின்வரிசை நண்பர் இந்த முறை கொஞ்சம் முன்னால் வந்து உட்கார வேண்டும்.